பூட்டிய வீடும் நான்கு நிமிடப் படமும்

மலர்க்குழுவினர் என்னிடம் கேட்டது, "மூணாவது வருஷம் எடுத்தீங்களே, அந்தப் படத்தைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுப்பா" என்றுதான். ரெண்டு பக்கத்துக்கு அதில் என்ன இருக்கிறது? ஒரு திகில் படத்தின் தொடக்கக் காட்சி, அவ்வளவுதான். நான்கு நிமிடம். மீதிப் படம் எடுக்கப்படவேயில்லை. படத்துக்குப் பெயர்கூட வைக்கவில்லை. ஆனால் காரைக்குடியில் கையில் இருந்ததை வைத்துக்கொண்டு படம் பிடித்த முதல் ஆட்கள் நாங்கள் அல்ல. ஆகவே பெரியவர்களிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

நம்மில் பலர் தேவகோட்டை ரஸ்தாவை ஒரு ரயில் நிறுத்தமாகத்தான் அறிவோம். 1946 வாக்கில் அந்தப் பக்கம் போயிருந்தால் ஒரு சினிமா ஸ்டூடியோவைப் பார்த்திருக்கலாம். காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1945 அக்டோபரில் ஏவிஎம் புரொடக்ஷன்ஸைத் தொடங்கினார். யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. மதராஸில் புதிதாக ஒரு ஸ்டூடியோ போட்டு அதற்கு மின்சாரம் வாங்குவது பெரும்பாடு. "சரி, நம்ம ஊருக்கே போவோம்" என்று வந்து, இங்கே கொட்டகை போட்டுக் காமிராவை இறக்கிவிட்டார். இன்றைக்கு வடபழனியில் உருண்டை சுற்றிய ஏவிஎம்மைப் பார்த்தவர்களுக்கு இது நம்பச் சிரமமாக இருக்கும். அங்கே எடுத்த 'நாம் இருவர்' 1947 பொங்கலுக்கு வந்தது. பாரதியார் பாட்டுக்களும் குமாரி கமலாவின் நடனமுமாக, சுதந்திரத்துக்கு ஏழு மாதம் முன்பே சுதந்திரத்தைக் கொண்டாடிய படம். நாடெங்கும் ஓடிய அந்தப் படம் நம் ஊர்க் கொட்டகையில் உருவானது என்பதை நம் விடுதி மாணவர்கள் எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

1948ல் ஏவிஎம் மதராஸுக்கு மூட்டை கட்டியது. அதே 1948 ஜூலையில்தான் நேரு காரைக்குடிக்கு வந்து மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டினார். வள்ளல் அழகப்பர் அதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தார். நான்கு வருஷம் கழித்து, 1952ல், நம் கல்லூரி. சினிமா போனது, இஞ்சினியரிங் வந்தது என்று நாங்கள் விடுதியில் சொல்லிச் சிரிப்போம். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாதுதான். ஆனாலும் அந்த வருஷத்தை நான் மறப்பதில்லை.

இனி திகிலுக்கு வருவோம். தமிழில் ஒரு திகில் படத்தை எப்படித் தொடங்குவது என்பதற்கு இன்றளவும் நான் காட்டும் பாடம், அதே ஏவிஎம் 1954 ஏப்ரலில் வெளியிட்ட 'அந்த நாள்'. வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது, ஜாவர் சீதாராமன் எழுதியது. பாட்டு கிடையாது, நடனம் கிடையாது, சண்டை கிடையாது. அந்தக் காலத்தில் பாட்டில்லாத தமிழ்ப் படம் என்றால் உப்பில்லாத சாப்பாடு மாதிரி. குரோசாவாவின் 'ரஷோமான்' தந்த தூண்டுதல் அதில் உண்டு. ஒரே கொலையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்.

படம் தொடங்குகிறது. துப்பாக்கிச் சத்தம். சிவாஜி கணேசன் சுருண்டு விழுந்து சாகிறார். சத்தம் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர் போலீசுக்கு ஓடுகிறார். அவ்வளவுதான் தொடக்கம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே கம்பெனிக்குத் தொடர்புள்ள 'பராசக்தி'யில் வசனம் பேசியே நாட்டைக் கட்டிப்போட்டவர் சிவாஜி. அவர் பேசுவார், கேட்கலாம் என்று டிக்கெட் எடுத்து வந்தவனுக்கு முதல் ரீலிலேயே பிணத்தைக் காட்டினால் எப்படி இருக்கும்? அந்த அதிர்ச்சிக்கு ஆன கூடுதல் செலவு ஒரு தோட்டாச் சத்தம். சுட்டது யார் என்பதைக் காமிரா காட்டவில்லை. திகிலின் சூத்திரமே இதுதான் என்பேன். காட்டுவதற்குக் காசு வேண்டும், காட்டாமல் இருப்பதற்கு மூளை போதும்.

அதற்காக 'அந்த நாள்' மலிவாக எடுத்த படம் என்று சொல்லிவிட முடியாது. முதலில் கல்கத்தா விஸ்வநாதனை வைத்துக் கணிசமான பகுதியைப் படம் பிடித்து, திருப்தியில்லாமல் தூக்கிப் போட்டுவிட்டுப் பிறகுதான் சிவாஜியை வைத்து எடுத்தார்கள். அந்தத் துணிச்சல் செட்டியாருக்கு இருந்தது. மாணவர்களுக்கு வராது, வரவும் கூடாது!

நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு சேதி: செத்துப்போன கதாநாயகன் ராஜன் ஒரு இஞ்சினியர், ரேடியோ இஞ்சினியர். கண்டுபிடிப்பை யாரும் மதிக்கவில்லை என்ற கோபத்தில் ஜப்பான்காரனுக்கு உளவு சொல்லப் போகிறான். கதை நடப்பது 1943 அக்டோபரில், ஜப்பான் விமானம் மதராஸில் குண்டு போட்டதை ஒட்டி. அந்த யுத்தம்தான் நம் செட்டிநாட்டின் தலையெழுத்தையும் மாற்றியது. 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் சாகுபடி நிலத்தில் ஏறக்குறையக் கால்வாசி நகரத்தார் கையில் இருந்தது. 1942ல் ஜப்பான் பர்மாவுக்குள் நுழைந்தது. உயிர் தப்பி வந்தவர்கள் வந்தார்கள். 1948க்குப் பிறகு பர்மா சுதந்திர அரசு நிலச் சட்டங்கள் போட்டு மிச்சத்தையும் எடுத்துக்கொண்டது. பர்மாத் தேக்கில் இழைத்து இழைத்துக் கட்டிய வீடுகள் இங்கே நின்றன, அவற்றை நிறைத்து வைத்திருந்த வருமானம் அங்கே நின்றுவிட்டது. பிள்ளைகள் மதராஸுக்கும் மலேயாவுக்கும் வேறெங்கெங்கோவும் போனார்கள். பகலிலேயே ஆளரவமில்லாத தெருக்கள் இங்கே எப்படி வந்தன என்றால் இப்படித்தான் வந்தன.

திகில் படம் எடுக்க நினைக்கிற மாணவனுக்கு வேண்டியது என்ன? ஒரு காலி வீடு. அதை எங்களுக்காக உலக யுத்தமே ஏற்பாடு செய்து வைத்திருந்தது.

2010 பிப்ரவரி. ஆறு பேர். கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவரிடம் மினி டி.வி. டேப் போடுகிற காமிராவை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்தோம். மொத்தச் செலவு வாடகை, பெட்ரோல், பரோட்டா. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு ஊர், பெயர் வேண்டாம். வீட்டைப் பார்த்துக்கொள்கிற பெரியவரை எங்கள் சிவில் நண்பன் பிடித்து வைத்திருந்தான்.

அந்த வீட்டைக் கண்டதும் சிவில்காரன் சொன்னான், "மச்சான், லைட்டும் வேணாம், செட்டும் வேணாம்டா." உண்மை. முகப்பில் நின்று பார்த்தால் பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று கதவுக்குள் கதவு ஒரே நேர்கோட்டில் போய், கடைசியில் பின் தெரு வெளிச்சம் காசு அளவுக்குத் தெரியும். வளவில் சாயங்கால வெயில் மேலிருந்து விழும், சுற்றியுள்ள அறைகள் கன்னங்கரேல் என்று இருக்கும். ஒரு தெர்மோகோல் அட்டையைப் பிடித்து முகத்துக்கு வெளிச்சம் திருப்பினோம். டிராலி இல்லை. ஆத்தங்குடித் தரை வழவழவென்று இருந்ததால் காமிராக்காரனைச் சாக்கில் உட்கார வைத்து இரண்டு பேர் மெல்ல இழுத்தோம். இவ்வளவு ஆடாத காட்சி அதன் பிறகு எடுத்த எதிலும் வரவில்லை என்று அவனே இன்றைக்கும் சொல்வான்.

சத்தம்தான் முக்கியம் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். சாவி திரும்புகிற சத்தம், நாதாங்கி விழுகிற சத்தம், ஊஞ்சல் சங்கிலி கிரீச்சிடுகிற சத்தம் ஒவ்வொன்றையும் தனியாகச் செல்போனில் பதிவு செய்தோம். வளவின் எதிரொலி அதிலேயே கிடைத்தது. பின்னணி இசை வைக்கவில்லை. வைக்க ஆளும் இல்லை.

கதை இவ்வளவுதான். வெளியூரிலிருந்து வரும் ஒருவன் பூர்வீக வீட்டுக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு உள்ளே போகிறான். வளவைச் சுற்றியுள்ள அறைகள் எல்லாம் பூட்டியிருக்கின்றன. ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கிறது. ஒரு அறைக்கு முன் நிற்கிறான். சாவிக் கொத்தில் அதற்கு மட்டும் சாவி இல்லை. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விலகும் சத்தம். இருட்டு.

அந்தச் சாவி இல்லாத அறை எங்கள் கற்பனை இல்லை. படப்பிடிப்புக்கு முன் பெரியவரிடம், "ஐயா, அந்த ரூமையும் கொஞ்சம் திறந்து காட்டுங்களேன்" என்று கேட்டோம். "அது நம்மகிட்ட இல்லைங்க தம்பி. அந்தப் புள்ளிக்காரவுக சாவி பினாங்குல இருக்கு" என்றார். கல்யாணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, புள்ளிக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு பூட்டு. வீடு எல்லாருக்கும் பொது, அறை அவரவருக்கு. படைப்புக்கோ கல்யாணத்துக்கோ எல்லாரும் வந்தால் எல்லாம் திறக்கும். அந்த அறை திறந்து எத்தனையோ வருஷமாயிற்று என்றார். எழுதி வைத்திருந்த கதையைக் கிழித்துப் போட்டுவிட்டு அன்றைக்கு இரவே இதை எழுதினோம். முதல் கதையில் பிணம், ரத்தம் எல்லாம் இருந்தது. தக்காளி சாஸ் வாங்கி வைத்திருந்தோம். அதைப் பரோட்டாவோடு தின்று தீர்த்தோம்.

விடுதிக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டி, துறை விழாவில் போட்டோம். தாழ்ப்பாள் சத்தத்தில் கூட்டம் கப்பென்று அடங்கியது. முடிந்ததும் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ரூமுக்குள்ள என்னடா?" எங்களுக்கும் தெரியாது. அதனால்தான் அது நன்றாக வந்தது என்று இப்போது நினைக்கிறேன். தெரிந்திருந்தால் காட்டித் தொலைத்திருப்போம்.

மாணவர்கள் எடுத்த திகில் என்றால் நம் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது 1986 ஆகஸ்டில் வந்த 'ஊமை விழிகள்'. அடையாறு திரைப்படக் கல்லூரியில் படித்த ஆபாவாணன், அரவிந்தராஜ் கூட்டணி. கடற்கரை விடுதியில் பெண்கள் காணாமல் போகிற கதை, விஜயகாந்துக்குப் போலீஸ் வேஷம். 'இன்ஸ்டிடியூட் பசங்க' என்றாலே தயங்கிய கோடம்பாக்கம் அதற்குப் பிறகுதான் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. லண்டனில் கிறிஸ்டோபர் நோலன் என்ற இளைஞர் வார விடுமுறைகளில் நண்பர்களைக் கூட்டி 'ஃபாலோயிங்' எடுத்து 1998ல் வெளியிட்டார். ஃபிலிம் வாங்கக் காசு போதாது என்பதால் நாடகம் போல ஒத்திகை பார்த்துவிட்டு ஓரிரு டேக்கில் முடித்தாராம். நாங்கள் படித்த காலத்தில் இதெல்லாம் எங்களுக்குப் பெரிய தைரியம். மதுரை தியாகராஜரில் இஞ்சினியரிங் படித்த கார்த்திக் சுப்புராஜ் குறும்படங்களிலிருந்து வந்து 2012ல் 'பீட்சா' எடுத்தபோது நாங்கள் ஆறு பேரும் வேலைக்குப் போய்விட்டிருந்தோம். ஒரே நாளில் ஆறு ஊர்களில் பார்த்துவிட்டு இரவு போன் போட்டுப் பேசிக்கொண்டோம். பொறாமை இல்லை என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்.

படம் முடிந்த அடுத்த வாரம் லேப்டாப்பை எடுத்துப் போய்ப் பெரியவருக்குக் காட்டினோம். ஊஞ்சல், தாழ்ப்பாள், இருட்டு எதற்கும் அவர் அசையவில்லை. பட்டாலை வரும் இடத்தில் மட்டும், "நிப்பாட்டுங்க தம்பி. அந்தத் தூணை இன்னொருக்காக் காமிங்க" என்றார். தான் தினம் துடைக்கிற தூணைத் திரையில் அப்படிப் பார்த்தார். நாலு தடவை ஓட்டினோம்.

2017ல் பங்காளிகள் பேசி முடித்து வீட்டைக் கொடுத்துவிட்டார்கள். எட்டுப் பங்கு, ஏழெட்டு ஊர்கள், ஓட்டு மாற்றவே லட்சக்கணக்கில் ஆகும். அவர்களை யார் குறை சொல்ல முடியும்? தூண் தனியாக, நிலை தனியாக, கதவு தனியாக, இரும்புக் கிராதி தனியாகப் போயின. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரித் தூண்கள் சுவரில் சாய்ந்து நிற்கும். நான் போகும்போதெல்லாம் பார்ப்பேன், அடையாளம் தெரிவதில்லை. பெரியவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பினாங்குச் சாவி வந்ததா, பூட்டை உடைத்தார்களா என்று கேட்டுச் சொல்ல இப்போது அங்கே ஆள் இல்லை.

அளந்து வரைந்த வரைபடம் அந்த வீட்டுக்குக் கிடையாது. நாங்கள் போனபோது பெரியவர் எடுத்துக் காட்ட ஒரு போட்டோகூட அவரிடம் இல்லை. முகப்பிலிருந்து பின் தெரு வரை அந்த வீடு முழுசாக இருப்பது, எனக்குத் தெரிந்து, எங்கள் நான்கு நிமிடத்தில்தான். பயமுறுத்துவதற்காக எடுத்தது. இப்போது அதைப் போட்டால் நான் பார்ப்பது நடிகனை அல்ல, அவனுக்குப் பின்னால் உள்ள மேல் விதானத்தை, நிலைப்படியில் உள்ள கஜலட்சுமியை, சுவரின் சுண்ணாம்புப் பளபளப்பை. அவசரத்தில் காமிரா அவற்றைத் தாண்டிப் போகும்போது எரிச்சலாக இருக்கிறது.

ஒரு விஷயம் பாக்கி. இரண்டு நாளில் நாங்கள் எடுத்தது ஒரு மணி நேர டேப் இரண்டு. படத்தில் சேர்ந்தது நான்கு நிமிடம். மீதியில் மாடி, பின்கட்டு, கிணற்றடி, ஆல்வீடு, பெரியவர் வளவில் உட்கார்ந்து வீட்டுக் கதை சொன்னது எல்லாம் இருக்க வேண்டும். முதல் டேப் என்னிடம் பத்திரம். இரண்டாவது டேப் கடைசி வருஷம் விடுதி காலி செய்தபோது எங்கள் ஆறு பேரில் யாரோ ஒருவர் பெட்டியில் போய்விட்டது. மேலே நீல மையில் 'வீடு 2' என்று எழுதியிருக்கும். அண்ணன்மார் தம்பிமார் யார் வீட்டுப் பரணில் இருந்தாலும் இந்தச் சந்திப்புக்குக் கையோடு கொண்டுவாருங்கள். பூசணம் பூத்திருந்தாலும் பரவாயில்லை. ஓடுகிற காமிரா ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன்.