பொம்மைச் சிப்பாயின் காலடி மண்

மினியேச்சர் போர் விளையாட்டில் சிப்பாய்க்கு பெயிண்ட் அடிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி அவன் நிற்கிற பேஸ். 28 மில்லிமீட்டர் பொம்மையை ஒரு எம்டிஎஃப் துண்டில் ஒட்டி, சுற்றிப் பசை தடவி, மணல் தூவி, காய்ந்ததும் பழுப்பு அடித்து, மேலே செயற்கைப் புல் நட்டால் முடிந்தது. பெரும்பாலானவர்கள் இதோடு விட்டுவிடுவார்கள். ரோமானியனோ நெப்போலியன் காலத்து ஆளோ, எல்லாரும் யாரோ நேற்று வெட்டிவிட்ட புல்தரையில்தான் நிற்பார்கள்.

நான் செய்துகொண்டிருப்பது வாட்டர்லூ. 1815 ஜூன் 18, பிரஷ்யப் படை. அந்த வயல்களில் அன்றைக்கு என்ன விளைந்திருந்தது? இதென்ன கேள்வி என்று தோன்றலாம். ஆனால் 1830களிலேயே ஒருத்தர் இதைக் கடிதம் போட்டு, தப்பிப் பிழைத்த அதிகாரிகளிடம் கேட்டிருக்கிறார்.

அவர் பெயர் வில்லியம் சைபோர்ன். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. போரில் அவர் இல்லை. சண்டை முடிந்தபிறகுதான் பாரிஸில் படையோடு சேர்ந்தார். 1830இல் வாட்டர்லூவுக்கு ஒரு மாதிரி செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஆள் போய் லா ஹே சாந்த் பண்ணைவீட்டிலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். அதற்குள் நிலமே மாறிப்போயிருந்தது. சிங்கச் சிலை வைக்கிற மேட்டுக்காக, வெலிங்டன் படை நின்ற முகட்டின் மண்ணையே தோண்டி எடுத்திருந்தார்கள்.

பிறகு கடிதங்கள். மாலை ஏழு மணி வாக்கில் உங்கள் பிரிவு எப்படி அணிவகுத்து நின்றது, எதிரில் யார், வயலில் என்ன பயிர். நல்ல பக் ரிப்போர்ட் படிவம் மாதிரி இருக்கிறது. தேவையானது மட்டும், ஒரே நேரப்புள்ளியில். வந்த பதில்களில் ஒரு பகுதியை அவர் மகன் 1891இல் புத்தகமாகவே போட்டார்.

பயிர் முக்கியம். ரை என்கிற தானியம் காலையில் ஆள் உயரத்துக்கு நின்றது. முந்தைய இரவு முழுக்க மழை. ஆயிரக்கணக்கான கால்களும் குளம்புகளும் பட்டு, சாயங்காலத்துக்குள் அது சேற்றோடு படுத்துவிட்டது. ஆக பேஸில் நிமிர்ந்த ரை வைத்தால் காலை பதினொரு மணி; மிதிபட்ட வைக்கோல் வைத்தால் மாலை ஏழு. மாலை ஏழு என்றால் பிணங்களும் வேண்டும். இரு பக்கமும் சேர்த்து நாற்பதாயிரத்துக்கும் மேல் செத்தோ காயப்பட்டோ கிடந்த நிலம் அது. பேஸில் பிணம் வைக்க யாரும் விரும்புவதில்லை. எனக்கும் கை வரவில்லை.

அளவிலும் ஒரு சிக்கல். அறுநூறு பேருக்குப் பதில் நான் வைப்பது 24 பொம்மைகள். பொம்மை ஏறத்தாழ 1:60. அது நிற்கிற தரையோ 1:600. 2 மில்லிமீட்டர் மணல் துகள் தரைக்கணக்கில் ஆளின் இடுப்புக்கு மேல் வரும் பாறை. இந்தப் பொய்யைப் பிரஷ்யர்கள் சுத்தமாகத் தவிர்த்தார்கள். 1824இல் ரைஸ்விட்ஸ் கொண்டுவந்த கிரீக்ஸ்ஸ்பீலில் சிப்பாய் பொம்மையே கிடையாது. 1:8000 வரைபடத்தின்மேல் அந்தந்தப் படைப்பிரிவு அடைக்கும் இடத்துக்கு ஏற்ற கட்டைகள், அவ்வளவுதான். அதாவது வெறும் பேஸ்.

சைபோர்னுக்கு வந்த வினை பயிரால் அல்ல, பிரஷ்யர்களால். கடிதங்களையும் பெர்லினில் இருந்து வந்த தகவல்களையும் வைத்துப் பார்த்தால், மாலை ஏழு மணிக்கு அவர்கள் நெப்போலியனின் வலப்பக்கத்தில் ஆழமாக நுழைந்துவிட்டார்கள். அப்படியே வைத்தார். அப்படி வைத்தால் வெற்றி வெலிங்டனுடையது மட்டும் இல்லை என்று கண்ணாலேயே தெரிந்துவிடும். மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. அரசுப் பணம் 1833லேயே நின்றுபோயிருந்தது. கடனை வாங்கித்தான் மனுஷன் வேலையை முடித்தார். 1838இல் லண்டன் எஜிப்ஷியன் ஹாலில் 400 சதுர அடிக்குக் கிட்டத்தட்ட, பல்லாயிரம் ஈயப் பொம்மைகளோடு அதைக் காட்சிக்கு வைத்தார்கள். கூட்டம் வந்தது, கடன் தீரவில்லை. பின்னால் நெருக்குதலுக்கு இணங்கி, பல்லாயிரம் பிரஷ்யப் பொம்மைகளைப் பெயர்த்து எடுத்தார். 1849இல் இறந்துபோனார். எடுத்தவர்கள் எடுத்தபடியே, அந்த மாதிரி இன்றும் லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

முதலில் அவர் வைத்ததுதான் சரி என்பது என் கட்சி. மாலை நாலரைக்கே பியூலோவின் படை சண்டையில் இறங்கிவிட்டது. ஏழு மணிக்கு பிளான்ஸ்நுவா கிராமத்தில் தெருத்தெருவாக அடித்துக்கொண்டிருந்தார்கள்.

எனவே என் பிரஷ்யர்களுக்குப் புல் இல்லை, ரையும் இல்லை. அவர்கள் வாவ்ரிலிருந்து லான் ஓடைப் பள்ளத்தில் பீரங்கிகளைச் சேற்றில் இழுத்துக்கொண்டு வந்தவர்கள். பசையில் பொடிமணலும் அடர்பழுப்பும் குழைத்து மெத்தித் தடவுகிறேன். காய்ந்தபின் பள்ளங்களில் மட்டும் பளபளப்பு வார்னிஷ், ஈரம் தெரிய. அதே சேற்றை பூட்ஸ் தாண்டி முழங்கால்வரை ஏற்றுகிறேன். கிராமத்துக்குள் நிற்கிற இரண்டு பேஸ்களுக்கு மட்டும் உடைந்த செங்கல்.