அட்வுட் பொறி

அட்வுட் பொறி என்பது கப்பியின் மேல் செல்லும் நூலின் இரு முனைகளிலும் நிறைகளைத் தொங்கவிட்டு, ஒன்று இறங்க மற்றொன்று ஏறும் இயக்கத்தை அளக்கும் கருவியாகும். கேம்பிரிட்ஜ், டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஜார்ஜ் அட்வுட் இதனை விரிவுரைகளுக்காக உருவாக்கினார். இதன் முழு விளக்கம் அவர் 1784 இல் வெளியிட்ட நூலில் உள்ளது. அவரது விரிவுரைகளைக் கேட்ட இளைய வில்லியம் பிட், பிரதமரான பின் அதே ஆண்டில் அவருக்குச் சுங்கத்துறையில் ஒரு பதவி அளித்தார்.

நியூட்டனின் விதிகள் 1687 இல் வெளிவந்தன. ஆனால் செங்குத்தாக விழும் பொருளைக் கொண்டு அவற்றை மாணவர்முன் மெய்ப்பித்துக் காட்டுவது எளிதாக இருக்கவில்லை. தடையின்றி விழும் பொருள் முதல் நொடியிலேயே ஏறத்தாழ 16 அடி கடந்துவிடும். ஊசல் கடிகாரத்தின் ஒலியைக் கேட்டு நேரம் குறித்த காலத்தில் அந்த வேகத்தைப் பின்தொடர முடியாது. கலிலியோ சாய்தளத்தைப் பயன்படுத்தி இயக்கத்தை மெதுவாக்கினார். அட்வுட்டோ செங்குத்து இயக்கத்தை விட்டு விலகாமலே அதைச் செய்தார்.

இரு புறமும் சம நிறை இருந்தால் முடுக்கம் இல்லை. ஒரு புறம் சிறிது கூட்டினால், அந்த மிகுதியின் எடை மட்டுமே மொத்த நிறையையும் முடுக்கும். இரு புறமும் சேர்ந்து 64 பங்கு, மிகுதி 1 பங்கு என்றால், முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 64 இல் ஒன்று. அப்போது இறங்கும் நிறை முதல் நொடி முடிவில் 3 அங்குலமும், இரண்டாம் நொடி முடிவில் 12 அங்குலமும், மூன்றாம் நொடி முடிவில் 27 அங்குலமும் கடந்திருக்கும். இதை அளவுகோலிலேயே பார்த்துப் படிக்கலாம்.

நூலின் இழுவிசையில்தான் மாணவர் பலர் தடுமாறுவர். மேற்கண்ட கணக்கில் இறங்கும் பக்கம் 32.5 பங்கு, ஏறும் பக்கம் 31.5 பங்கு. கப்பியின் நிலைமத்தை நீக்கிக் கணக்கிட்டால், இழுவிசை ஏறத்தாழ 32 பங்கின் எடைக்குச் சமம். அதாவது, முடுக்கத்துடன் ஏறும் பொருளைத் தாங்கும் நூல் அதன் எடையை விட அதிகமாகவும், முடுக்கத்துடன் இறங்கும் பொருளைத் தாங்கும் நூல் அதன் எடையை விடக் குறைவாகவும் இழுக்கிறது. மின்தூக்கி மேல்நோக்கிப் புறப்படும் கணத்தில் கால்கள் கனப்பதும் இதனால்தான்.

கருவியின் மிக நேர்த்தியான பகுதி ஒரு வளையம். மிகுதி நிறை நீண்ட சட்டமாக வைக்கப்பட்டது. இறங்கும் நிறை வளையத்தினுள் புகுந்து செல்ல, சட்டம் மட்டும் வளையத்தில் தங்கிவிடும். இப்போது இரு புறமும் சமம். எனினும் இயக்கம் நிற்பதில்லை. அதுவரை பெற்ற திசைவேகத்துடன் சீராகத் தொடரும். முதல் விதியை இதைவிடத் தெளிவாகக் காட்டிய கருவிகள் குறைவு.

அட்வுட் புதிய விதி எதையும் கண்டுபிடிக்கவில்லை. புவியீர்ப்பு முடுக்கத்தின் மதிப்பும் ஊசல் ஆய்வுகளால் முன்பே அறியப்பட்டிருந்தது. அவர் உழைத்தது உராய்வைக் குறைப்பதில். கப்பியின் அச்சை நான்கு சிறு சக்கரங்களின் மேல் சுழலவிட்டார். சக்கரங்களின் நிலைமத்தையும் அளந்து, அதற்கு இணையான நிறையை மொத்தத்தில் சேர்த்துக்கொண்டார். இன்றைய பாடநூல்களில் கப்பி நிறையற்றது, உராய்வற்றது என்று ஒரே வரியில் விட்டுவிடுவது இந்தப் பகுதியைத்தான்.