கடன் தீர்த்த திவான்

நாம் வாழும் குமுளி பழைய திருவிதாங்கூரின் எல்லையூர். அந்நாட்டைக் கடன் விழுங்க இருந்த காலமும் உண்டு. ஆங்கிலேயருக்குக் கப்பம் ஒருபுறம். வெறுமையான கஜானா மறுபுறம். ஊழியர்க்கோ சம்பள பாக்கி. ஆட்சி சீர்பெறாவிடில் நாட்டையே எடுத்துக்கொள்ள நேரும் என 1855-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி அச்சுறுத்தினார்.

1857-இல் திவான் பொறுப்பேற்றவர் கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவ். குடிகளைப் பிழிந்து அவர் கடனடைக்க முனைந்தாரில்லை. மிளகை அரசே வாங்கி விற்கும் ஏகபோகத்தை 1860-இல் ஒழித்து, ஏற்றுமதித் தீர்வை விதித்தார். வாணிகம் தழைத்தது, 1863-இல் நாட்டுக் கடன் முற்றும் தீர்ந்தது.

அண்டை நாடாகிய இலங்கை 2022-இல் வெளிக்கடனைத் திருப்ப இயலாது திகைத்தபோது, இவ்வரலாறே எம் நினைவுக்கு வந்தது. மிளகும் ஏலமும் விற்று வாழும் நம்மவர் நன்கறிவர்: விளைவிப்போன் கையைக் கட்டிவைத்துக் கடன் தீர்த்தவர் இலர்.