கள்ளக்கடல்: ஒரு சொல்லின் வரலாறும் கடல் முன்னறிவிப்பின் எல்லையும்

காற்று இல்லை, மழை இல்லை, வானமும் தெளிந்திருக்கிறது. ஆயினும் கடல் கரையேறி வருகிறது. திருவனந்தபுரம் முதலான கேரளக் கடற்கரை மீனவர்கள் இதற்கு இட்ட பெயர் ‘கள்ளக்கடல்’. கள்ளனைப் போல் சொல்லாமல் வரும் கடல் என்பது பொருள். மலையாள வழக்காயினும் தமிழருக்கு உரை வேண்டாத சொல்.

2005 மே மாதத்தில் கேரளக் கரையின் பல பகுதிகளுள் இவ்வாறு கடல் புகுந்தது. திருவனந்தபுரம் ஆக்குளத்திலுள்ள புவி அறிவியல் ஆய்வு மைய அறிஞர்கள் அந்நிகழ்வை ஆராய்ந்தனர். தென் இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்கள் கிளப்பும் நீண்ட அலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து, சில நாள் கழித்து இங்கு வந்து சேர்கின்றன. ஆழ்கடலில் படகு அவற்றை அவ்வளவாக உணர்வதில்லை. ஆழம் குறையும் இடத்தில்தான் அவை நிமிர்ந்து எழுகின்றன. கடலேற்றமும் கூடினால் ஊருக்குள் புகுகின்றன. 2012இல் ‘கள்ளக்கடல்’ என்னும் சொல்லையே அறிவியல் வழக்குக்கு உரியதாக யுனெஸ்கோ ஏற்றது.

இந்த ஆபத்தைப் பொறுத்தவரை முன்னறிவிப்பே கரையின் கண்ணை விஞ்சுகிறது. வானத்தையும் காற்றையும் பார்த்துக் கடலைக் கணிக்கும் தேர்ந்த மீனவருக்கும் இந்த அலையின் தடயம் முன்கூட்டித் தெரியாது. ஹைதராபாத்தில் 1999இல் நிறுவப்பட்ட இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) அதை நாள்கணக்கில் முன்னரே கணித்துவிடுகிறது. 2024 மே மாதத் தொடக்கத்தில் அத்தகைய எச்சரிக்கை வெளிவந்திருந்தும், அண்டையிலுள்ள கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மே 6 அன்று மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி இறந்தனர்.

முதலப்பொழியில் நிலை நேர்மாறானது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் கடினங்குளம் காயல் கடலோடு கலக்கும் இத்துறைமுக வாயில், இரு அலைத்தடுப்புச் சுவர்களுக்கிடையே மணல் சேர்ந்து ஆழம் மாறிக்கொண்டே இருக்கிறது. படகுகள் கவிழ்ந்து மீனவர் பலர் இங்கு மாண்டுள்ளனர். கேரளக் கரை முழுமைக்கும் தரப்படும் அலை உயரம் இந்த வாயில் இன்று எப்படி இருக்கிறது என்று சொல்லாது. அந்த எண்ணையும் உள்ளவாறு புரிந்துகொள்ள வேண்டும். ‘2 மீட்டர் அலை’ என்பது பெரும்பாலும் உயர்ந்த மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரியையே குறிக்கும். தனியலை ஒன்று ஏறத்தாழ அதன் இருமடங்கும் எழக்கூடும். மணல்திட்டு எங்கே நகர்ந்திருக்கிறது, எத்தனை அலைக்குப் பின் கடல் சற்று அடங்குகிறது என்பதெல்லாம் அங்கு நாள்தோறும் படகு செலுத்துவோருக்கே தெரியும்.

2017இன் ஒக்கிப் புயலில் இரு வகை அறிவுமே பயன்படாமற்போயின. நவம்பர் 29 அன்று இலங்கைக்குத் தென்கிழக்கே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே குமரிக் கடலில் புயலாயிற்று. புயல் என்ற சொல் கரைக்கு வந்தபோது பூந்துறை, விழிஞ்ஞம் பகுதிப் படகுகள் பலவும் கடலில் இருந்தன. கைப்பேசி எட்டாத தொலைவில் இருந்தோர்க்கு அச்சொல் போய்ச்சேரவே இல்லை. கேரளத்திலும் தமிழ்நாட்டிலுமாக நூற்றுக்கணக்கான மீனவர்கள் மாண்டனர் அல்லது காணாமற்போயினர்.

அதன்பின் மாற்றங்கள் வந்தன. 2018இல் திருவனந்தபுரத்தில் புயல் எச்சரிக்கை மையம் அமைந்தது. 2019இல் கரையிலிருந்து 300 கடல் மைல் வரை செயற்கைக்கோள்வழிச் செய்தி பெறும் ‘ஜெமினி’ கருவி அறிமுகமானது. ஆயினும் அக்கருவி செய்தியைப் பெறும், திருப்பி அனுப்பாது. கடலில் இருப்பவர் காண்பதை அதன்வழி மையத்துக்குச் சொல்ல இயலாது.

எனவே முன்னறிவிப்பை நம்பலாமா என்று பொதுவாகக் கேட்பதில் பயன் குறைவு. அது எந்தக் கடற்பகுதியைப் பற்றியது, எந்த நேரத்துக்கு உரியது, தன் துறைமுக வாயிலைப் பற்றி ஏதேனும் சொல்கிறதா என்று கேட்பதே படகோட்டிக்கு உதவும். எச்சரிக்கை வந்த நாளில் கரை அமைதியாகத் தோன்றுவதைக் கொண்டு அதைப் பொய்யென்று தள்ளலாகாது. எச்சரிக்கை இல்லாத நாளிலும் பொழிமுகத்தைப் பாராமல் படகை இறக்கலாகாது.

கரையில் பிறந்த ‘கள்ளக்கடல்’ இன்று இன்காய்ஸ் எச்சரிக்கையின் சொல்லாகி அதே கரைக்குத் திரும்பி வருகிறது. ‘பலத்த காற்று’, ‘கொந்தளிப்பான கடல்’ போன்ற பொதுச் சொற்களைக் கேட்டுப் பழகிய மீனவருக்கு, தம் சொல்லிலேயே வரும் எச்சரிக்கை விளங்க மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை. கரையில் இத்தகைய சொற்கள் இன்னும் பல உள்ளன. அவற்றைக் கேட்டுத் தொகுப்பதும் முன்னறிவிப்புப் பணியின் ஒரு பகுதியே.