கழித்துவிட்ட துப்பாக்கி

இஷாப்பூர் ஆலையின் முத்திரை குத்திய ஒரு மஸ்கெட் இன்று அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்களிடம் புழங்குகிறது. பார்வைக்கு 303 ரைஃபிள் மாதிரியே இருக்கும். உள்ளே பார்த்தால் வேறு. குழலில் இருந்த சுருள்வரிகள் குடையப்பட்டு, 410 அளவுக்கு வழவழப்பான துளையாக்கப்பட்டிருக்கும். தோட்டாக்கள் வரிசையாக ஏறும் பெட்டியில் மரக்கட்டை அடைக்கப்பட்டிருக்கும். ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான். பட்டாளத்தின் 303 தோட்டாவுக்காகச் செய்யப்பட்டதல்ல அது. பிரிட்டிஷ் ஆட்சி இந்தியச் சிறைக் காவலர்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் கொடுத்த ஆயுதம் இது. யாராவது பறித்துக்கொண்டு போனாலும் பட்டாளத் தோட்டாவைப் போட்டு ஆட்சியை நோக்கித் திருப்பக் கூடாது என்ற கணக்கோடு செய்யப்பட்டது.

அமெரிக்காவில் அதை வாங்கியவருக்கு உடனே ஒரு சிக்கல். கடையில் கிடைக்கும் 410 தோட்டா அதற்குச் சரியாகப் பொருந்தாது. ஆகவே 303 ரைஃபிளின் காலி பித்தளை உறையை எடுக்கிறார். கொஞ்சம் வெடித்தூள், அதன்மேல் ரவை, அதன்மேல் மெழுகு. குண்டில்லாமல் சுடுகிறார். உறையின் குறுகிய கழுத்து விரிந்து நேராகிவிடுகிறது. ஒரு பேரரசு யோசித்து வைத்த தடையை ஒரு பிடி ரவை உடைத்துவிடுகிறது. நாம் சிரிக்கலாம். ஆனால் அந்தத் தடை யாருக்காக வைக்கப்பட்டதோ அவர்களிடம் ரவை இருந்தது, உரிமம் இல்லை.

தோட்டாவைத் தானே நிரப்பிக்கொள்ளும் இந்த ரீலோடிங் வேலை பொறுமையான கைத்தொழில். சுட்டு முடித்த உறையைப் பொறுக்கி, அடியில் வெடித்துப்போன பிரைமரைத் தட்டி வெளியேற்றி, உப்பிய உடலை அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். நீண்டுபோன வாயை நறுக்கி, புதுப் பிரைமர் பொருத்தி, வெடித்தூளைத் தராசில் நிறுத்துப் போட்டு, குண்டை அமர்த்த வேண்டும். பெர்டான் வகைப் பிரைமரென்றால் தொல்லை. உறையின் அடியில் நடுத்துளை இல்லாமல் இரண்டு சிறு துளைகள் இருக்கும், ஊசி விட்டுத் தள்ள முடியாது. பாக்ஸர் வகைக்கு ஒரே துளை, வேலை சுலபம். பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். அமெரிக்கப் பொழுதுபோக்கு இங்கிலாந்துக்காரரின் துளையை நம்பியிருப்பது வேடிக்கைதான். பழைய பட்டாளத் தோட்டாவைச் சுட்டால் பிரைமரிலுள்ள பொட்டாசியம் குளோரேட் உப்பாகிக் குழலில் படியும். எண்ணெய்க்கு அது போகாது. சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவாவிட்டால் துரு தின்றுவிடும். வெடித்தூளும் பல காலம் போர் மிச்சம்தான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் அரசிடம் தேங்கிக் கிடந்ததை வாங்கிப் பொழுதுபோக்காளர்களுக்கு விற்றே ஒரு நிறுவனத்தை எழுப்பினார்.

இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. நாம் கேட்க வேண்டியது வேறு. அரசு கழித்துவிட்ட ஒரே துப்பாக்கி, எவர் கையில் பொழுதுபோக்காகிறது, எவர் கையில் கலவரமாகிறது?

நம் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். 1857 ஜனவரியில் டம்டம் பயிற்சிச் சாலையில் கலாசித் தொழிலாளி ஒருவர் பிராமணச் சிப்பாயிடம் குடிக்கத் தண்ணீர்ச் செம்பைக் கேட்டார். தீட்டுப்பட்டுவிடும் என்று சிப்பாய் மறுத்தார். பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்கப்போகிறாய், அப்போது உன் சாதி எங்கே நிற்கும் என்று தொழிலாளி திருப்பிக் கேட்டார். சிப்பாய்களின் பெரும் எழுச்சியை எழுதுகிற பாடநூல்கள் கொழுப்பை நினைவில் வைத்திருக்கின்றன, செம்பை மறந்துவிடுகின்றன. அந்த மனிதருக்குத் தலித் வரலாற்று மரபு மாதாதீன் பங்கி என்று பெயர் கொடுத்து நினைவுகூர்கிறது.

எழுச்சி அடங்கிய பிறகு இந்தியச் சிப்பாய்களுக்குச் சுருள்வரி நீக்கிய துப்பாக்கிகள் வழங்கப்பட்டன. 410 மஸ்கெட்டின் தாத்தா அது. 1878 ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியர்களுக்கு விலக்களித்தது. பிறகு ‘போர்க்குடிகள்’ என்ற கொள்கை வந்தது. தலைமுறைகளாகக் கம்பெனிப் படையில் இருந்த மகர்களுக்கு 1890களில் சேர்ப்பு மூடப்பட்டது. கோபால் பாபா வலங்கர் 1894இல் அதை எதிர்த்து மனு எழுதினார். மெட்ராஸ் படையின் பறையர்களுக்குச் சேப்பர்ஸ், பயனியர் பிரிவுகளில் இடம் இருந்தது. பாதை போடவும் பாலம் கட்டவும் வேண்டிய இடம், துப்பாக்கியோடு மண்வெட்டியும் தூக்க வேண்டிய இடம். மகர் ரெஜிமென்ட் உருவாக 1941 வரை, இன்னொரு உலகப் போர் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் கதை தலைகீழ் போலத் தெரியும். 1903இல் தொடங்கிய அரசுத் திட்டம் ஒன்று குடிமக்கள் குறிபார்த்துச் சுடப் பழக வேண்டுமென்று விரும்பியது. பட்டாளம் கழித்த துப்பாக்கிகள் தேசிய ரைஃபிள் சங்க உறுப்பினர்களுக்கு மலிவு விலையில் போயின. 1950களில் சாமுவேல் கம்மிங்ஸ் போன்ற வணிகர்கள் உலக நாடுகளின் கிடங்குகளைத் துடைத்து, கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். அஞ்சலில் பணம் அனுப்பினால் வீட்டுக்கே வந்துவிடும். ஆனால் அதே நாட்டின் மிசிசிப்பி மாநிலம், அடிமைமுறை ஒழிந்த 1865லேயே, விடுதலையான கறுப்பர்கள் உரிமமில்லாமல் துப்பாக்கி வைக்கக் கூடாதென்று சட்டம் போட்டிருந்தது.

வட கரோலினாவின் மன்ரோ நகரில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற முன்னாள் மரைன் வீரர் இருந்தார். கறுப்பினக் குழந்தைகள் ஓடைகளில் மூழ்கிச் சாகிறார்கள், நகராட்சி நீச்சல் குளத்தில் வாரத்தில் ஓரிரு நாளாவது அவர்களை விடுங்கள் என்று கேட்டார். முடியாது, அவர்கள் குளித்த ஒவ்வொரு முறையும் தண்ணீரை வடித்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டியிருக்கும், செலவு அதிகம் என்று பதில் வந்தது. மகாடு குளத்தை இந்த அரங்கில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை.

குளத்துக்கான கிளர்ச்சி தொடர்ந்தது. கு கிளக்ஸ் கிளான் கார் ஊர்வலங்கள் கறுப்பர் குடியிருப்பில் சுட்டுக்கொண்டே போயின. வில்லியம்ஸ் தேசிய ரைஃபிள் சங்கத்துக்கு முறைப்படி எழுதி, ஒரு ரைஃபிள் கிளப்புக்கு அங்கீகாரம் வாங்கினார். பெரும்பாலும் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் சேர்ந்தார்கள். 1957 அக்டோபரில் மருத்துவர் ஆல்பர்ட் பெர்ரியின் வீட்டைத் தாக்க வந்த கிளான் கூட்டத்தை அந்தக் கிளப்பினர் மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து திருப்பிச் சுட்டு விரட்டினார்கள். அதன் பிறகுதான் நகராட்சி கிளானின் கார் ஊர்வலத்துக்குத் தடை விதித்தது. இரவெல்லாம் சுட்டுக்கொண்டு போனபோது வராத சட்டம், பதிலுக்குச் சுட்டதும் வந்தது.

அதே 1957இல், அதற்கு ஒரு மாதம் முன்பு, செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இன்னொரு முன்னாள் பட்டாளத்துக்காரர் வெட்டிக் கொல்லப்பட்டார். இம்மானுவேல் சேகரனுக்குப் பின்னால் ரைஃபிள் கிளப் எதுவும் இருக்கவில்லை. பட்டாளம் இருவருக்கும் கற்றுக்கொடுத்தது சுடுவதை மட்டுமல்ல, நிமிர்ந்து நிற்பதையும்தான். ஊர் பொறுக்காமல் போனது இரண்டாவதைத்தான்.

1967 மே மாதம் கறுப்புச் சிறுத்தைகள் துப்பாக்கிகளோடு கலிபோர்னியச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்கள். அவர்களைக் குறிவைத்து ஏற்கெனவே கொண்டுவரப்பட்டிருந்த மசோதா அதன்பின் விரைந்து நிறைவேறியது. குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்துவதைத் தடுத்த அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரீகன். 1968 சட்டம் அஞ்சல் விற்பனையையும் சர்ப்ளஸ் துப்பாக்கி இறக்குமதியையும் நிறுத்தியது. கென்னடியைக் கொன்ற இத்தாலிய கார்கானோ ரைஃபிள் தூரநோக்கியோடு சேர்த்து 19.95 டாலருக்கு விளம்பரமாகி அஞ்சலில் வந்தது என்பதைக் காரணமாகச் சொல்வார்கள். மலிவுத் துப்பாக்கி வராமல் போனதில் உள்நாட்டு ஆலைகளுக்கும் இலாபம். 1984இல் சேகரிப்போருக்காக இறக்குமதிக் கதவு மறுபடி திறக்கப்பட்டது. நம் இஷாப்பூர்த் துப்பாக்கிகள் போனது அந்தக் கதவு வழியாகத்தான்.

கென்னடிக்கு ஐந்து மாதம் முன்பு சர்ப்ளஸ் ரைஃபிள் ஒன்று இன்னொருவரைக் கொன்றிருந்தது. மெட்கர் எவர்ஸ் நார்மண்டி வரை போய்ப் போரிட்டுத் திரும்பிய கறுப்பின வீரர், மிசிசிப்பியில் வாக்குரிமைக்காக ஊர் ஊராக அலைந்தவர். 1963 ஜூன் 12 அன்று ஜாக்சன் நகரில், தன் வீட்டு வாசலில், முதுகில் சுடப்பட்டார். ஆயுதம் முதல் உலகப் போரின் 1917 என்ஃபீல்ட். புதரில் கிடந்த அந்த ரைஃபிளின் தூரநோக்கியில் பைரன் டி லா பெக்வித்தின் கைரேகை இருந்தது. அவர் துப்பாக்கி சேகரிப்பதையும் மாற்றிக்கொள்வதையும் பொழுதுபோக்காகக் கொண்ட வெள்ளை இனவெறியர். 1964இல் இரண்டு முறை விசாரணை நடந்தது. முழுக்க வெள்ளையர் அமர்ந்த நடுவர் குழுக்கள் இரண்டு முறையும் முடிவுக்கு வரவில்லை. பெக்வித் வீட்டுக்குப் போனார்.

வழக்கை மறுபடி எடுத்த அரசு வழக்கறிஞர் ரைஃபிளைத் தேடினார். சான்றுப் பொருட்களில் அது இல்லை. தன் மாமனாரிடம் பழைய ரைஃபிள் ஒன்றைப் பார்த்த ஞாபகம் வந்து, அந்த வீட்டுக்குப் போய் எடுத்து எண்ணைச் சரிபார்த்தார். அதேதான். மறைந்துபோன அந்த மாமனார் அவ்வூர் நீதிபதி. ஒரு கொலையின் சாட்சியை ஞாபகப் பொருளாக எடுத்து வைத்திருந்தார். 1994 பிப்ரவரியில், எவர்ஸ் இறந்து 31 ஆண்டுகள் நெருங்கும்போது, அந்த என்ஃபீல்ட் நீதிமன்றத்துக்குத் திரும்பி வந்தது. நடுவர் குழுவில் பன்னிரண்டு பேர். எட்டுப் பேர் கறுப்பர்கள்.