தட்சிணசித்ரா

தட்சிணசித்ரா என்பது சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், செங்கல்பட்டு மாவட்டத்தின் முட்டுக்காட்டில் அமைந்துள்ள ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் ஆகும். தென்னிந்தியாவின் பல ஊர்களில் இருந்த பழைய வீடுகள் பிரித்து எடுத்துவரப்பட்டு இங்கே மீண்டும் கட்டப்பட்டுள்ளன. முன்னர் ஒரு குடும்பத்தாரும் அவர்தம் உறவினரும் மட்டுமே புழங்கிய உள்முற்றம் வரை பொதுமக்கள் சென்று பார்க்க முடிவது இதன் சிறப்பாகும். ஏறத்தாழ 10 ஏக்கர் பரப்புள்ள இவ்வளாகம் வங்காள விரிகுடாவை நோக்கி அமைந்துள்ளது. "தட்சிணசித்ரா" என்னும் வடமொழிப் பெயர் "தென்னகத்தின் சித்திரம்" எனப் பொருள்படும்.

வரலாறு

கலை வரலாற்றாளரான டெபோரா தியாகராஜன் 1984 ஆம் ஆண்டில் சென்னைக் கைவினை அறக்கட்டளையை (மெட்ராஸ் கிராஃப்ட் பவுண்டேஷன்) நிறுவினார். தென்னிந்தியக் கைவினைகளையும் வீட்டுக் கட்டிடக் கலையையும் ஒருசேரக் காட்டும் அருங்காட்சியகம் ஒன்றை அமைப்பது இதன் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. வளாகத்தின் தொடக்க வடிவமைப்பில் கேரளத்தில் வாழ்ந்த கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் பங்கேற்றார். அவருடைய வழியில் பயின்ற பென்னி குரியாகோஸ் அப்பணியைத் தொடர்ந்தார். 1996 டிசம்பரில் தட்சிணசித்ரா பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

பழைய வீடுகளை ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்க்கும் முறை உலகில் புதியதன்று. சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் 1891 ஆம் ஆண்டில் ஆர்தூர் ஹசேலியுஸ் தொடங்கிய ஸ்கான்சென் இவ்வகை அருங்காட்சியகங்களுக்கு முன்னோடியாகக் கருதப்படுகின்றது.

வீடுகளை இடம் மாற்றுதல்

பெரிய கூட்டுக்குடும்ப வீடுகள் பல வாரிசுகளுக்கு உரியனவாகும்போது அவற்றைப் பராமரிப்போர் இல்லாமல் போகின்றனர். நிலத்தின் விலை ஏறும்போது வீட்டை இடித்து மனையை விற்பது எளிதாகின்றது. பழைய தேக்குத் தூண்களுக்கும் செதுக்கு வேலைப்பாடுள்ள கதவுகளுக்கும் தனிச் சந்தை உண்டு. காரைக்குடியில் இத்தகைய பொருட்களை விற்கும் கடைகள் பல உள்ளன. ஆகவே ஒரு வீடு தூணாகவும் கதவாகவும் சிதறிப் போவதற்கு வாய்ப்பு மிகுதி.

இவ்வாறான வீட்டை இடம் மாற்றும்போது முதலில் அது அளந்து வரையப்படும். தூண், உத்தரம், நிலை, கதவு முதலியவை அடையாளமிட்டுப் பிரிக்கப்பட்டுப் புதிய இடத்தில் மரபுத் தச்சர்களாலும் கொத்தர்களாலும் மீண்டும் பொருத்தப்படும். மண்சுவரையும் சுண்ணாம்புப் பூச்சையும் பெயர்த்து எடுத்துவர இயலாது என்பதால் அவை பழைய முறைப்படி புதிதாகச் செய்யப்படும். எனவே இவ்வீடுகளில் பழையதும் புதியதும் கலந்தே இருக்கும்.

வீடுகள்

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களைச் சேர்ந்த 18 வீடுகள் இங்கு உள்ளன. தமிழ்நாட்டுப் பிரிவில் செட்டிநாட்டு வணிகர் வீடு, காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீடு, தஞ்சைப் பகுதி வேளாண் குடும்ப வீடு, திருநெல்வேலிப் பகுதியின் அம்பூர் அக்கிரகார வீடு ஆகியவை குறிப்பிடத்தக்கவை. குயவர், கூடை முடைவோர் ஆகியோரின் வீடுகளும் உள்ளன. கேரளப் பிரிவில் புதுப்பள்ளியைச் சேர்ந்த சிரியன் கிறித்தவர் வீடும், திருவனந்தபுரம், கோழிக்கோடு ஆகிய பகுதிகளின் வீடுகளும் இடம்பெற்றுள்ளன. கர்நாடகப் பிரிவில் இல்கல் நெசவாளர் வீடும் சிக்மகளூர் வீடும் காணப்படுகின்றன. கடலோர ஆந்திரத்தின் வட்ட வடிவக் குடிசை புயற்காற்றுக்கு ஏற்ற அமைப்பாகும். மூலையில்லாத சுவரைக் காற்று எளிதில் சுற்றிச் சென்றுவிடும்.

முற்றம்

வீட்டின் நடுவே கூரையின்றி விடப்படும் வெளி முற்றம் எனப்படும். தென்னிந்திய மொழிகள் பலவற்றில் இவ்வமைப்புக்குத் தனிப் பெயர்கள் உள்ளன. கொங்கு நாட்டில் தொட்டிக்கட்டு வீடு என்றும், கர்நாடகத்தில் தொட்டி மனை என்றும், ஆந்திரத்தில் மண்டுவா என்றும், கேரளத்தில் நாலுகெட்டு என்றும் இவ்வகை வீடுகள் அழைக்கப்படுகின்றன. செட்டிநாட்டு வீட்டில் முகப்பைக் கடந்ததும் வரும், தூண்கள் சூழ்ந்த முற்றப்பகுதி வளவு எனப்படும். அதனை அடுத்து இரண்டாம் கட்டும் மூன்றாம் கட்டும் வரும்.

முற்றத்தின் பயன்கள் பல.

ஒளி: அக்கிரகாரம் போன்ற தெருக்களில் அடுத்தடுத்த வீடுகள் பக்கச்சுவரைப் பகிர்ந்துகொள்வதால் பக்கவாட்டில் சன்னல் வைக்க இயலாது. அத்தகைய நீண்ட வீட்டின் நடுப்பகுதிக்கு வெளிச்சம் தருவது முற்றமே.

காற்று: பகலில் சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழுந்து வெளியேறும். அதன் இடத்தை நிரப்ப, நிழலான திண்ணைப் பக்கத்திலிருந்து காற்று உள்ளே வரும். இரவில் திறந்த தரை வெப்பத்தை வானுக்கு இழந்து குளிரும்.

நீர்: நான்கு புறக் கூரையும் உள்நோக்கிச் சரிந்திருப்பதால் மழைநீர் முற்றத்தில் விழும். அதனை அண்டாக்களிலும் தொட்டிகளிலும் பிடித்துவைப்பர். 2003 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது வலியுறுத்தப்பட்டது இந்தப் பழைய வழக்கத்தின் மற்றொரு வடிவமே.

புழக்கம்: நெல், வற்றல், வடகம் முதலியவற்றை உலர்த்தவும், திருமணம் போன்ற சடங்குகளை நடத்தவும், வெளியார் பார்வை படாமல் பெண்கள் வேலை செய்யவும் முற்றம் பயன்பட்டது.

எல்லா வீடுகளிலும் உள்முற்றம் இருந்ததில்லை. குயவருக்கும் கூடை முடைவோருக்கும் வீட்டு வாசலே பணியிடம். முற்றம் வைத்துக் கட்டுவதற்கு நிலமும் வசதியும் தேவைப்பட்டன.

மேலும், முற்றம் எல்லாருக்கும் திறந்திருந்த இடமும் அன்று. திண்ணை வழிப்போக்கருக்கு உரியது. நிலையைத் தாண்டி யார் வரலாம் என்பதைச் சாதியும் உறவும் முடிவு செய்தன. திண்ணைக்கு அருகிலும் வர விடப்படாத மக்கள் இருந்தனர். இன்று நுழைவுச்சீட்டு பெறும் எவரும் அதே நிலையைக் கடந்து வளவு வரை செல்லலாம். இது இவ்வீடுகள் கட்டப்பட்ட காலத்தில் நடந்திருக்க முடியாத ஒன்றாகும்.

பூவும் கோலமும்

தமிழ்நாட்டு உள்முற்றத்தில் பூச்செடிகள் நிறைந்திருப்பது பொதுவான வழக்கமன்று. துளசி மாடம் ஒன்று இருக்கலாம். மல்லிகை, செம்பருத்தி, நந்தியாவட்டை, பவளமல்லி முதலியவை கொல்லையில் வளர்க்கப்பட்டன. அவை செடியில் நின்று அழகு தருவதைவிட, பறித்து இறைவனுக்குச் சாத்தவும் தலையில் சூடவுமே வளர்க்கப்பட்டன. முற்றத்தையும் வாசலையும் அழகுபடுத்தியது கோலம். மார்கழி மாதத்தில் வாசற்கோலத்தின் நடுவே சாண உருண்டையில் பூசணிப்பூ வைக்கும் வழக்கம் இன்றும் பல ஊர்களில் உள்ளது. தட்சிணசித்ராவில் பொங்கல், நவராத்திரி முதலிய விழாக்களின்போது கோலமும் கொலுவும் இடம்பெறுகின்றன.

கோர்தோபா முற்றத் திருவிழாவுடன் ஒப்பீடு

தனியார் முற்றங்களைப் பொதுமக்கள் பார்வையிடும் வழக்கத்திற்கு உலகில் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு எசுப்பானியாவின் கோர்தோபா நகரில் நடைபெறும் முற்றத் திருவிழா ஆகும். ஆண்டுதோறும் மே மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ பன்னிரண்டு நாட்கள் அந்நகரத்தார் தம் வீட்டு முற்றங்களைத் திறந்துவைக்கின்றனர். வெள்ளையடித்த சுவர்களில் வரிசையாகத் தொங்கும் தொட்டிகளில் செரேனியம் முதலிய பூக்கள் நிறைந்திருக்கும். உயரத்தில் உள்ள தொட்டிகளுக்கு நீண்ட கழியின் நுனியில் கட்டிய தகரக் குவளையால் நீர் ஊற்றுவர். நகராட்சி முதன்முதலில் 1921 ஆம் ஆண்டில் முற்றங்களுக்கான போட்டியை நடத்தியது. 2012 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இத்திருவிழாவை மனிதகுலத்தின் தொட்டறிய முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இரண்டு இடங்களிலும் வெப்பமே முற்றத்தின் தோற்றத்திற்கு முக்கிய காரணமாகும். ஆனால் பாதுகாக்கும் முறை வேறுபடுகின்றது. கோர்தோபாவில் வீடு தன் இடத்திலேயே உள்ளது. அதில் மக்கள் குடியிருக்கின்றனர். பார்வையாளர் அவர்களின் விருந்தினராகச் செல்கின்றனர். முட்டுக்காட்டில் வீடு காப்பாற்றப்பட்டுள்ளது, ஆனால் அதில் குடியிருப்போர் இல்லை. அடுப்பெரியாத வீட்டில் முற்றம் ஏன் தேவைப்பட்டது என்பதைப் பார்வையாளரே எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. மறுபுறம், இடம் மாற்றியிராவிட்டால் இவ்வீடுகளில் பல எஞ்சியிருக்க வாய்ப்பில்லை.

தமிழ்நாட்டில் வீடுகளை அவை உள்ள இடத்திலேயே காக்கும் முயற்சிகளும் உண்டு. செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுக் களங்களுக்கான இந்தியாவின் தற்காலிகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அங்குச் சில வீடுகள் தங்கும் விடுதிகளாக மாற்றப்பட்டுள்ளன.

சென்னையின் தென்புறநகர்களில் முற்றம்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் போன்ற இடங்களில் தொடர்வண்டிப் பாதையை ஒட்டித் தனி மனைகளில் வீடுகள் பெருகின. தனி மனை வீட்டைச் சுற்றிலும் இடம் விட்டுக் கட்டுவது வழக்கமாக இருந்தது. பக்கங்களில் சன்னல் வைக்க முடிந்தது. சிறிய மனையில் சுற்றிலும் இடம் விட்டபின் நடுவிலும் இடம் விட்டால் அறைகளுக்கு இடம் போதாது. ஆகவே வீட்டின் நடுவில் இருந்த வெளி சுற்றுச்சுவருக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட குறுகிய சந்தாக மாறியது. அடுக்குமாடிக் குடியிருப்புகள் வந்தபின் உலர்த்தும் வேலை மாடிக்கும் பூந்தொட்டி பால்கனிக்கும் சென்றன. இப்பகுதி மாணவர்கள் முற்ற வீட்டை நேரில் காண்பதற்கு அருகில் உள்ள இடங்களுள் தட்சிணசித்ரா முதன்மையானது.

பார்வையிடல்

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்து தெற்கே செல்லலாம். வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் வழியாகவும் வரலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை நாளாகும். மண்பாண்டம் வனைதல், நெசவு முதலிய கைவினைகளை இங்கு நேரில் காணலாம். முற்றங்களைப் பார்வையிடும்போது கூரையின் உட்சரிவு, சுற்றுத் தாழ்வாரத்தைவிடத் தாழ்ந்த தரை, மழைநீர் வெளியேறும் துளை, தூண்களின் நிழல் விழும் இடம் ஆகியவை கவனிக்கத்தக்கவை. மழைக்காலத்தில் சென்றால் முற்றத்தின் பயன் எளிதில் விளங்கும்.