ஷாதிபூருக்கு அரை நொடி தூரம்

பொட்டி தட்டுற பொழப்பில் டேட்டாபேஸ் பார்த்துக்கிறவனிடம் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "ஏன் சார் இவ்ளோ ஸ்லோ?" நான் திருப்பிக் கேட்பது, "யூசர் எங்கே உக்காந்திருக்கார்?"

1979-இல் ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் பட்ரீஷியா செலிங்கரும் கூட்டாளிகளும் எழுதிய ஆப்டிமைசர் கட்டுரைதான் நம்ம ட்யூனிங் தொழிலுக்குப் பிள்ளையார் சுழி. டிஸ்கில் எத்தனை பக்கம் படிக்கணும், சிபியூவுக்கு எவ்வளவு வேலை, ரெண்டையும் கூட்டி மலிவான வழியைத் தேர்ந்தெடுப்பது. தூரம் அந்தக் கணக்கில் இல்லை. எல்லாம் ஒரே பெட்டிக்குள்தானே இருந்தது. அதே ஆய்வகம் 1980-களில் ஆர்-ஸ்டார் செய்தபோது, ஊர் விட்டு ஊர் போகும் செய்திக்கும் விலை போட்டார்கள். 1987-இல் சைபேஸ், 1992-இல் ஆரக்கிள் 7 என்று ஸ்டோர்டு ப்ரொசீஜர் பரவியது. டேட்டா இருக்கும் இடத்திலேயே ஸ்க்ரிப்ட்டையும் வை, ஒரு தடவை கூப்பிடு, போதும்.

இதன் அருமை அந்தமானைத் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பேர் மாறிய போர்ட் பிளேரில், ஷாதிபூரில்தான் எங்க அத்தை வீடு. 2020 வரை அந்தத் தீவுகள் மெயின்லேண்டோடு பேசியது சாட்டிலைட் வழியாக. 36,000 கி.மீ. மேலே போய், கீழே வந்து, பதிலும் அப்படியே வரணும். கிட்டத்தட்ட அரை நொடி. நியூ ஜெர்சியிலிருந்து போன் போட்டால் நானும் அத்தையும் ஒரே நேரத்தில் "சொல்லு", "சொல்லுங்க" என்போம். அப்புறம் ரெண்டு பேருமே மௌனம். காசு மட்டும் ஓடும்.

இப்போது ஒரு புரோகிராமர் 1,000 வரிசைகளை லூப் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்கிறார் என்று வையுங்கள். 500 நொடி; எட்டு நிமிஷத்துக்கு மேல். கவுன்ட்டரில் நிற்கும் பென்ஷன்காரருக்கு "சிஸ்டம் ஸ்லோ, நாளைக்கு வாங்க". மெயின்லேண்டில் இருக்கும் டிபிஏவின் ரிப்போர்ட்டில் இது எதுவும் தெரியாது. ஆரக்கிளில், கிளையன்ட் அடுத்து ஏதாவது கேட்கட்டும் என்று சர்வர் காத்திருக்கும் நேரம் 'ஐடில்' கணக்கில் சேரும். யூசர் டீ குடிக்கப் போயிருக்கலாமே! டாப் 5 பட்டியலில் அது வரவே வராது. வெயிலில் வந்து நின்ற மனுஷனின் காத்திருப்புக்கு நம்ம தொழில் வைத்த பேர் 'சும்மா'. எனக்கு இது இன்றைக்கும் உறுத்தல்தான்.

2018 டிசம்பர் 30 அன்று அடிக்கல் நாட்டி, 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் கடலடி கேபிளைத் திறந்தார்கள். மொத்தம் சுமார் 2,300 கி.மீ.; போர்ட் பிளேரோடு லிட்டில் அந்தமான், கார் நிகோபார் எல்லாம் சேர்த்து எட்டு இடங்களில் கரையேறுகிறது. சென்னையிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,400 கி.மீ. கண்ணாடி இழையில் போய்வர, கணக்குப்படி 14 மில்லிநொடி. அதே மோசமான லூப் 14 நொடியில் முடிந்துவிடும், யாரும் திட்ட மாட்டார்கள், யாரும் திருத்தவும் மாட்டார்கள்.

நம்ம பக்கத்திலும் பழைய பழக்கம் ஒன்று பாக்கி. எஸ்க்யூஎல்-ப்ளஸ்ஸில் அரேசைஸ் தானாக 15 என்றுதான் இருக்கும். 1,000 வரிசை எடுக்க 67 தடவை போய்வரணும். சாட்டிலைட்டில் அது 33 நொடி. ஸ்க்ரிப்ட்டின் முதல் வரியில் 500 என்று மாற்றினால் ரெண்டு மூணு நடையில் முடிந்தது.